பதில் ஹாரன்

கணினித் திரையிலும் போனிலும் சுற்றிக்கொண்டே இருக்குமே ஒரு வட்டம், அதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தக் கோபம் மட்டும் நிற்கவில்லை. போன வாரம் போனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய உட்கார்ந்தேன். வட்டம் சுற்றியது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, நான் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. "எதையாச்சும் சொல்லித் தொலையேன்" என்று போனைத் திட்டினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

நான் வேலை பார்த்தது போடிநாயக்கனூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகள் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இன்னது வேண்டும் என்று சொன்னால் கணினியே நிரலை எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். "நீங்கள்லாம் இம்புட்டு வருசமா என்னதான்க்கா பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "ஒரே ஒரு வார்த்தை எழுதுனோம். அதுக்கே அம்புட்டு வருசம் ஆயிருச்சு" என்றேன். சிரித்தார்கள். கேலிக்குத்தான் சொன்னேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் உண்மை.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. களையெடுக்கப் போவதைவிட டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவது சுகம் என்பதால் போடிக்கு பஸ் ஏறினேன். லோயர், ஹையர் முடித்து, ஏலக்காய் ஏலம் விடும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் தொடப் பயந்தார்கள். எனக்கு விரல் ஓடும் என்று என்னைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தார்கள். பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்தேன். என் படிப்பின் கதை அவ்வளவுதான்.

வலைப்பக்கம் எழுதத் தொடங்கிய காலத்தில், பக்கம் எங்கோ தூரத்தில் இருக்கும் சர்வர் என்ற கணினியிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வரும்வரை திரை விறைத்துப்போய் நிற்கும். எதையும் தொட முடியாது. பின்னால் வேறு வழி வந்தது. மில்லில் மிளகாயைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்காமல் காய்கறி வாங்கப் போகிறோமே, அந்த மாதிரி. கேள்வியை அனுப்பிவிட்டுப் பக்கம் தன் சோலியைப் பார்க்கும். பதில் வரும்போது வாங்கிக்கொள்ளும். எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மில்லுக்குப் போனவளுக்கு மிஷின் ஓடுகிற சத்தமாவது கேட்கும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. வகுப்பு எடுத்தவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகத்தை நடத்தியவர் அபுதாகிர். எல்லோரும் பாய் என்போம். தலைமுறை தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம். சட்டைப்பையில் எப்போதும் நாலு காய் கிடக்கும், பக்கத்தில் வந்து நின்றாலே மணக்கும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். பிடித்திருந்தாலும் "ம்" என்பார், பிடிக்காவிட்டாலும் "ம்" என்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றாமல் சொன்னால் போய் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள்.

அவரிடம் ஒரு முறை உண்டு. புதுப் பக்கம் எதுவானாலும் மலை உச்சியில் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்காமல் வெளியே விட மாட்டார். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் எங்களில் ஒருவர் தொற்றிக்கொள்ள வேண்டும். மெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. அங்கேதான் நம்ம பக்கத்து டவர் போனைக் கைவிடும், கேரளா டவர் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் போன் அந்தரத்தில் தொங்கும். சரியாக அந்த இடத்தில் பட்டனை அமுக்க வேண்டும். கேள்வி போய்ச் சேர்ந்திருக்கும், பதில் வந்து சேராது. அப்போது பக்கம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு, மேலே சாயாக்கடையில் இறங்கி பாலில்லாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு, அடுத்த ஜீப்பில் திரும்ப வேண்டும். "ஆபீஸ்ல கம்பி வழியா நெட்டு வருது, அங்க எல்லாமே நல்லாத்தான் ஓடும். மெட்டுல ஓடுதான்னு சொல்லு" என்பார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காத காரியமும் ஒன்று இருந்தது. அது ஜீப்புக்கான வலைப்பக்கத்தில் வந்தது.

மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பு வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவார்கள், அல்லது தெரிந்த டிரைவருக்குப் போன் போடுவார்கள். நாங்கள் அதற்கு ஒரு வலைப்பக்கம் போட்டோம். "ஜீப்பு வேணும்" என்று ஒரு பட்டன். அமுக்கினால் சர்வர் டிரைவர்களின் போன்களுக்குச் செய்தி அனுப்பும். யாராவது ஒருவர் "வர்றேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பார், சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார், சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால் பதில் மெதுவாகத்தான் வரும். அதுவரை பக்கம் வாயே திறக்காது, வட்டம் மட்டும் சுற்றும்.

வாயைத் திறக்கக்கூடாது என்பது பாயின் கட்டளை. "கையில சரக்கு வராம வாக்குக் குடுக்கக்கூடாது ராஜாத்தி. எங்க வாப்பா சொல்லிக் குடுத்தது. டிரைவர் ஒத்துக்கிட்டா சொல்லு. அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாத" என்பார்.

சொல்லாவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? மறுபடி அமுக்குவார்கள். ஒரு ஜீப்பு கேட்ட தோட்டத்துக்கு ஜீப்புகள் வரிசை கட்டிப் போய் நின்றன. வெறும் வண்டியோடு திரும்பிய டிரைவர்கள் நேராக எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தார்கள். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இரண்டு காரியம் செய்தார். பட்டனுக்கு மேலே சிவப்பு எழுத்தில் "ஒரு முறை மட்டும் அழுத்தவும்" என்று போடச் சொன்னார். ஒரே எண்ணிலிருந்து ஒன்றுக்கு மேல் ஜீப்பு பதிவானால், அது விளையாட்டு என்று கணக்குப்பண்ணி எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொன்னார். அதோடு அன்றைக்கு முழுக்க அந்த எண்ணுக்கு ஜீப்பே கிடையாது என்றும் ஆக்கினார்.

"பாய், மனுசங்க அமுக்கத்தான் செய்வாக. ஏதாச்சும் ஒண்ணு சொல்லிருவோமே" என்றேன்.

"இல்லாத ஜீப்ப இருக்குன்னு சொல்லச் சொல்றியா?"

"அப்படிச் சொல்லச் சொல்லல."

"பெறகு என்னத்தச் சொல்றது?"

அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்ததுதான் மிச்சம். நான் நச்சரித்த நச்சரிப்பில் பாய் ஒருநாள் இறங்கி வந்து, "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று போட ஒத்துக்கொண்டார். போட்ட அன்றைக்கு முன்னைவிட அதிகமாக அமுக்கினார்கள். தாலுகா ஆபீஸுக்கு நடந்து பழகிய ஜனங்களிடம் போய் பரிசீலனை என்றால் என்ன நினைப்பார்கள், சோலி நடக்காது என்றுதான் நினைப்பார்கள். மறுநாளே அதை எடுத்துவிட்டோம். பாய் கண்ணாடியைக் கழற்றாமல் "ம்" என்றார்.

அந்தப் பட்டனையும் சிவப்பு எழுத்தையும் தன் கையால் எழுதியவள் கவிதா. எங்களோடு வேலை பார்த்தவள். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் அவளுடைய அப்பா கங்காணி, வேலையாட்களைப் பிரித்துவிட்டு வேலை வாங்குகிறவர். கெட்டிக்காரப் பெண். பயனாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பாயின் கட்சிதான் பேசுவாள். "எழுதிப் போட்டிருக்குல்லக்கா, படிக்க வேண்டியதுதான" என்பாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை போடியிலேயே பஜாரில் கடை வைத்திருப்பவர், தங்கமான பையன். ஆனால் அவருடைய தாய்மாமனுக்கு மலைச் சம்பந்தத்தில் விருப்பமே இல்லை. "மழைம்பாக, மூட்டம்பாக, சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் எறங்கி வர மாட்டாக" என்பது அவருடைய பேச்சு. கல்யாணத்துக்கு முதல்நாள் பொண்ணழைப்பு. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெண் மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று பேசி முடித்தபோது, "வரட்டும் பாப்போம், வரலைன்னா அப்பவே பேச்ச முடிச்சுக்கிருவோம்" என்று சபையிலேயே சொன்னாராம். கவிதா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொண்ணழைப்பு அன்றைக்கு எனக்கு ஆபீஸில் பாதி வேலை மிச்சமிருந்தது. முடித்துவிட்டு அப்படியே மண்டபத்துக்குப் போகலாம் என்று பட்டுச்சேலையோடு வந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டிய நேரம், ஜீப்பு டிரைவர் செல்லப்பாண்டி படியேறி வந்தார்.

"யக்கா, உங்க மிஷினுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வான்னு சொல்லுது, பாதி மலை ஏறுறதுக்குள்ள வேணாங்குது. வெறும் வண்டியத் திருப்பிக்கிட்டு வர்றேன். டீசல் என்ன ஓடைத் தண்ணியா?"

திரையைத் திறந்து பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து வரிசையாகப் பதிவு, அத்தனையும் ரத்து, எண் முடக்கம். எண்ணை உற்றுப் பார்த்தேன். கவிதாவுடைய எண்.

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவளுடைய அப்பாவுக்குப் போட்டேன், அதுவும் அப்படியே. எழுந்துபோய் பாயிடம் சொன்னேன்.

"நம்ம கவிதாப் புள்ளயா?" என்றார். "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு முன்னால் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். செல்லப்பாண்டி ஸ்டாண்டில் இன்னொரு ஜீப்பையும் பின்னால் வரச் சொல்லி வண்டியை எடுத்தார். "வெரசாப் போப்பா" என்றேன். "யக்கா, இது மலை" என்றார்.

முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மூட்டம் இறங்கிவிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் யானையே நின்றாலும் தெரியாது. இந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் அவன் பதில் ஹாரன் கொடுக்க வேண்டும். ஒரு வளைவில் மேலே லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. செல்லப்பாண்டி ஹாரன் அடித்தார். பதில் இல்லை. மறுபடி அடித்தார். பதில் இல்லை.

"இன்னொருக்கா அடிப்பா" என்றார் பாய், முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அடித்தார். "இன்னும் நல்லா அடி. அவனுக்குக் கேக்கல போல."

எனக்கு இருந்த எரிச்சலில் வாய் சும்மா இருக்கவில்லை. பின்சீட்டிலிருந்து, "ஒரு முறை மட்டும் அழுத்தவும்" என்றேன்.

பாய் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மேலேயிருந்து நீளமாக ஒரு ஹாரன் வந்தது. செல்லப்பாண்டி கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். லாரி மெதுவாகத்தான் வந்தது. ஒரு தடவையில் திரும்ப முடியாமல் பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போய், நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம்.

"இப்ப ஏம்ப்பா அடிக்க மாட்டேங்குற?" என்று பாய் கேட்டார்.

"அதான் கேட்டுருச்சுன்னு சொல்லிட்டான்ல பாய். இனி அவன் வர்றப்ப வரட்டும்."

"வழி விட்டுட்டானா?"

"வழி எங்க விட்டான்? கேட்டுருச்சுன்னான், அம்புட்டுத்தான். வழிய அவன் வந்தப்பெறகுதான சொல்ல முடியும்."

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சிறுபிள்ளையிலிருந்து இந்த ஹாரனைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன், பாயும் வளர்ந்தார். அன்றைக்கு அந்த ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறபோதுதான் உறைத்தது. வாக்குக் கொடுப்பதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் நடுவில் ஒரு வார்த்தை இருக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் ரோட்டோரமாக நின்றிருந்தார்கள். கவிதா பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, அவளுக்கு அப்பா குடை பிடித்துக்கொண்டு, சீர்த்தட்டுகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர். சாரல் அடித்தது. வீடு கூப்பிடு தூரத்தில் கதவு திறந்தபடி இருந்தது.

"உள்ள போய் உக்காந்திருக்க வேண்டியதுதான" என்றேன்.

அவளுடைய அப்பாதான் பதில் சொன்னார். "ராகு காலம் பெறக்கும் முன்னாடி விளக்கு காட்டி வாசலத் தாண்டியாச்சும்மா. தாண்டுன பொண்ண மறுக்கா உள்ள கூட்டிப்போனா நல்லாயிருக்குமா? பேசிவச்ச வேன் காலையிலேயே படுத்துருச்சு. தோட்டத்து ஜீப்பு காய் லோடு ஏத்திப் பூப்பாறைக்குப் போயிருச்சு."

கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. "அக்கா, ரெண்டு தடவ அமுக்குனா ரத்தாகும்னு எனக்குத் தெரியும். நான் எழுதுனதுதான. தெரிஞ்சே அமுக்குனேன்க்கா. சுத்திக்கிட்டே இருந்துச்சு. போச்சா, போகலையான்னே தெரியல. கை நிக்கல" என்றாள். அப்படியே உடைந்து அழுதாள். "எங்க வீட்டாளுக மானம் போச்சேக்கா."

பாய் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "தப்பு உன்மேல இல்லம்மா. அமுக்கத்தான் செய்வாங்க" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

சீர்த்தட்டுகளை ஏற்றி, ஆட்களை நெருக்கி உட்கார வைத்து இறங்கத் தொடங்கினோம். பொழுது போய்க்கொண்டிருந்தது. போடிமெட்டில் செல்லப்பாண்டி வண்டியை ஓரங்கட்டினார், அங்கே சிக்னல் கொஞ்சம் நிற்கும். கவிதா போனை எடுத்துக்கொண்டு முழித்தாள். "என்னன்னு சொல்ல? எப்ப வந்து சேருவோம்னு தெரியலையே. சொன்ன நேரத்துக்குப் போகலைன்னா அதுவும் பேச்சாயிருமே."

"எப்ப வருவோம்னு சொல்லாத" என்றார் பாய். "கெளம்பிட்டோம், மெட்டுல இருக்கோம்னு மட்டும் சொல்லு. அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வரியை அனுப்பினாள். "சரி" என்று பதில் வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு போடி வரும்வரை அவள் அழவில்லை.

மண்டபத்தில் விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் ஆரத்தித் தட்டோடு வாசலில் ஆள் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா கவிதாவின் நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எங்க அண்ணன் எந்திரிச்சுச் செருப்ப மாட்டிட்டாக. என்னால ஒண்ணும் சொல்ல முடியல, என் மகன் மொகத்தப் பாக்கவும் முடியல. அந்நேரம்தான் புள்ளகிட்ட இருந்து ஒரு வார்த்த வந்துச்சு, மெட்டுல இருக்கோம்னு. மறுபடி உக்காந்துட்டாக. இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க பாட்டுக்கு இருந்திருப்போம்ல."

தாய்மாமன் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "ரெண்டாவது ரவுண்டு ரசம் கொண்டா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தாலி கட்டும்போது அட்சதையை முதலில் போட்டது அவர்தான்.

கல்யாணம் முடிந்த வாரமே பக்கத்தைப் பிரித்துப் போட்டோம். முதல் தடவை பட்டனை அமுக்கியதுமே போனுக்குள்ளேயே ஒரு டோக்கன் எண் உண்டாகும்படி செய்தோம். அதற்குப் பிறகு எத்தனை தடவை அமுக்கினாலும் அதே டோக்கன்தான் போகும். சர்வர், இது முதலில் கேட்டவர்தான் என்று தெரிந்துகொண்டு புது ஜீப்பைக் கூப்பிடாது. கேள்வி வந்து சேர்ந்ததுமே, டிரைவருக்காகக் காத்திராமல் சர்வர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிவிடும். அந்த வார்த்தை வழியில் தொலைந்தால் பக்கமே அதே டோக்கனோடு மறுபடி கேட்கும். வழியில் மாட்டிக்கொண்டு பிந்தி வரும் பழைய பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். டிரைவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் "செல்லப்பாண்டி வர்றாரு" என்று பெயரோடு வரும். ஒருவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஆளை ஏங்க விடாமல் "இப்ப ஜீப்பு இல்ல" என்று சொல்லிவிடும். கையில் சரக்கு வராமல் வாக்குக் கொடுக்கவில்லை என்பதால் பாயின் வாப்பாவுக்கும் மனக்குறை இருக்காது. சிவப்பு எழுத்தையும் ரத்து செய்கிற சட்டத்தையும் எடுத்துவிட்டோம்.

உடனே திருப்பிச் சொல்கிற அந்த ஒரு வார்த்தை என்ன என்பதற்குத்தான் ஆளாளுக்கு அடித்துக்கொண்டோம். "பெறப்பட்டது" என்றார்கள், "பதிவாகியது" என்றார்கள். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடித் தானே தட்டினார். "கேட்டுருச்சு." மறுவீடு முடிந்து வேலைக்கு வந்த கவிதாவே அதைக் கொண்டுபோய் மெட்டில் சோதித்தாள். திரும்பி வந்து, "ஒரு தடவதான்க்கா அமுக்குனேன்" என்றாள். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ம்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பக்கங்கள் எழுதினோம். எல்லாவற்றிலும் அந்த வார்த்தை இருக்கிறது. இப்போது கணினியே எழுதிக் கொடுப்பதில்கூட அதைச் சேர்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறாளாம் கவிதா. என் நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் வேலையை விட்டது இப்படித்தான். கண் முன்னைப்போல இல்லை, மெட்டுக்கு ஜீப்பில் ஏறி இறங்கினால் இடுப்பு பேசுகிறது. ஒருநாள் பாயின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "பாய், இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்" என்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" கூட வரவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவள் சொல்கிறேன், காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுருச்சு ராஜாத்தி" என்றார். "பதில் அப்புறம் சொல்றேன்."

மாதக் கடைசியில் நான் நின்றுவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.